எருதுக்கும் இருக்குமா

பரணைச் சுத்தம் செய்தபோது கடைசியாக இறங்கியது ஒரு கோணிப்பை. உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய அப்பாவின் இடுக்கி. முழங்கையைவிட நீளம். இரண்டு கைப்பிடி, நடுவில் கீல், முனையில் கிளிமூக்குபோல வளைந்த இரண்டு மழுங்கல் தாடைகள். எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் துருகூட அதிகம் ஏறவில்லை. பழைய இரும்புக்காரர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம்ங்கம்மா. எதுக்குங்க இது?" என்றார்.

33 வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவள் நான். இனப்பெருக்க மண்டலப் பாடத்தை முகம் மாறாமல் நடத்துகிறவள் என்று பெயரே உண்டு. அவரிடம் மட்டும் வாய் வரவில்லை. "சும்மா, மாட்டுக்கு" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

அதன் பெயர் பர்டிசோ, அப்பா வாயில் 'பட்டீசு'. செய்த இத்தாலிக்காரரின் பெயரே கருவிக்கும் ஆகிவிட்டது. அப்பா கால்நடைத் துறையில் ஆய்வாளர், டாக்டர் இல்லை. ஆனால் பஞ்சப்பள்ளி, வெள்ளிச்சந்தை பக்கமெல்லாம் 'மாட்டு டாக்டரு' என்றால் அவர்தான். சைக்கிள் கேரியரில் இந்தத் துணிச்சுருட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் எங்கேயோ ஒரு காளைக்கு நாள் குறித்தாயிற்று என்று மாரண்டஹள்ளித் தெருவுக்கே தெரியும். (ஊர்ப் பெயரைப் பலகையில் 'ஹள்ளி' என்றும் 'அள்ளி' என்றும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். நாங்கள் பேசும்போது இரண்டையும் விழுங்கி 'மாரண்டள்ளி' என்போம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஊர். ஓர் எழுத்துக்காக யாரும் சண்டை போட்டதில்லை.)

காளையைக் கீழே வீழ்த்துவதில்தான் பாதி வேலை. கயிற்றைக் கால்களில் சுற்றி நாலு பேர் பிடித்து இழுத்தால் ஒரு பெருமூச்சோடு சாயும். அப்பா பின்பக்கம் குந்தி உட்கார்ந்து விதைப்பையின் மேல்பகுதியை விரல்களால் தடவுவார். உள்ளே ஓடும் நாளத்தைத் தோலோடு ஓர் ஓரமாக ஒதுக்கிப் பிடித்து, தாடைகளுக்கு நடுவில் கொடுத்து, தலையை ஆட்டுவார். உதவியாள் கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்துவார். 'கடக்' என்று ஒரு சத்தம். அப்பா உதட்டுக்குள் எண்ணுவார். பிறகு அடுத்த பக்கம், முதல் தடத்துக்கு நேராக வராமல் கொஞ்சம் தள்ளி. இரண்டு தடமும் ஒரே கோட்டில் சேர்ந்தால் கீழே இருக்கும் தோலுக்கு ரத்தம் போகாமல் அழுகிவிடும் என்பார். சொட்டு ரத்தம் வராது. வேடிக்கை பார்க்க வந்த பையன்களுக்கு அதில் பெரிய ஏமாற்றம். கொஞ்சம் அயோடின் தடவிக் கயிற்றை அவிழ்த்தால் காளை எழுந்து உதறிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோலப் புல்லுக்குக் குனியும்.

சில வாரத்தில் விதைகள் சுருங்கிவிடும். அதற்கப்புறம் அது காளை இல்லை, எருது. கழுத்துச் சதை வற்றும், திமில் இறங்கும், கண்ணில் அந்த முறைப்புப் போய்விடும். இளசிலேயே காயடித்தால் கால் இன்னும் கொஞ்சம் உயரமாக வளரும். எலும்பு முனைகள் மூடிக்கொள்ளத் தாமதமாவதால் அப்படி. செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தூரத்தில் நடக்கும்போதே தெரியும். ஆலம்பாடி ஜோடியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கரடுமுரடான மலைப்பாதையில் பாரம் இழுக்கப் பிறந்த மாடு.

வெளியே தெரிந்தது இவ்வளவுதான். நெஞ்சுக்கூட்டுக்குள் ஒன்று மாறுகிறது என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் ரொம்ப நாள் தெரியாது.

அப்பாவின் மணிக்கட்டு இரும்பு. அந்த மணிக்கட்டை வைத்துத்தான் எங்கள் வீட்டில் காலைக்களி கிண்டினார். அந்தக் காலத்தில் ஆம்பிளை அடுப்படியில் உட்கார்ந்து களி கிண்டுவதா என்று தெருக்கதவைச் சாத்திவிட்டுத்தான் தொடங்குவார். கொதிக்கும் தண்ணீரில் கேழ்வரகு மாவைக் கொட்டி, பாத்திரத்தைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கட்டி விழாமல் துடுப்பைச் சுழற்ற வேண்டும். விடிகாலையில் அம்மாவின் கையால் அது ஆகாது. எழுந்ததும் அவள் விரல்கள் மடங்காது. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் அடிக்கணுவில் உருண்டு, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கும். கை இரண்டையும் வெந்நீர்க் குண்டானில் விட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். பத்து மணிக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். மத்தியானம் கொள்ளில் கல் பொறுக்க உட்காருவாள். முறத்தில் விரல் ஓடும். ஆனால் விரல் சொன்னபடி கேட்காததால் நாலு கல் தப்பிவிடும். சாப்பிடும்போது 'நறுக்' என்றால் அப்பா ஒன்றும் சொல்லாமல் துப்பிவிட்டு அடுத்த வாய் எடுப்பார்.

முடக்கத்தான் தோசை, நொச்சி ஒத்தடம், வேப்பெண்ணெய் என்று ஆயா என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒரு டாக்டர், அவர் யார் என்பது இப்போது எதற்கு, "பொம்பளைங்களுக்கு மனசுல கஷ்டம் இருந்தா மூட்டுக்கு இறங்கும்" என்று சொல்லி வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார். அம்மா திரும்பி வரும்போது பஸ்ஸில், தன் மனசில் என்ன கஷ்டம் என்று யோசித்துக்கொண்டே வந்தாளாம். ஒன்றும் பிடிபடவில்லையாம். எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது அந்த யோசனையை நினைத்துத்தான். நோயோடு சேர்த்துக் காரணத்தையும் அவளே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆயாவுக்குத்தான் ஒன்று தெரிந்திருந்தது. "உங்கம்மா மாசமா இருந்தா மட்டும் கை சொன்ன பேச்சு கேக்கும்" என்பாள்.

உண்மைதான். இரண்டாவது அக்கா பிறந்தபின் தொடங்கிய வலி, அடுத்து அண்ணன் வயிற்றில் இருந்தபோது அடங்கியது. பெற்றதும் திரும்பியது. நான் வயிற்றில் இருந்தபோது மறுபடி அடங்கியது. அந்த மாதங்களில் அம்மா கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சேந்தினாளாம், களியும் அவளே கிண்டினாளாம். நான் பிறந்து ஆறு வாரத்தில் விரல்கள் மறுபடி வீங்கின. "நீ உள்ளார இருந்தப்ப மருந்து, வெளிய வந்தப்ப வெனை" என்று ஆயா என் கன்னத்தைக் கிள்ளுவாள். விளையாட்டாகத்தான். ஆனாலும் ரொம்ப வருஷம் அம்மாவின் விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி.

எங்கள் ஆயா அடுப்படியில் பார்த்ததையே அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் பார்த்தார். கர்ப்பத்தில் முடக்குவாதம் அடங்குகிறது, மஞ்சள் காமாலை வந்தாலும் அடங்குகிறது. இரண்டிலும் உடம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று நினைத்து அதற்கு 'எக்ஸ்' என்று பெயர் வைத்துத் தேடினார். 1938-இல் கர்ப்பத்தைப் பற்றித் தனியாகவே எழுதினார். 1948 செப்டம்பரில், படுக்கையிலிருந்து எழ முடியாத ஓர் இளம்பெண்ணுக்கு அட்ரீனல் சுரப்பியின் சரக்கு ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். சில நாளில் எழுந்து கடைவீதிக்குப் போனார். அந்தச் சரக்குதான் கார்ட்டிசோன். 1950-இல் நோபல். ஆனால் கர்ப்பத்தின் புதிர் அதோடு தீரவில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறுகின்றன. பாதி அப்பாவின் சொத்தான ஒரு பிள்ளையை அம்மாவின் உடம்பு அந்நியன் என்று விரட்டாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்காகத் தன் காவல்காரர்களை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கத்தில் மூட்டுகளுக்கும் கொஞ்சம் நிம்மதி கிடைக்கிறது. எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆகிறது.

அந்தக் காவல்காரர்கள் எங்கே பயிற்சி எடுக்கிறார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். சொல்ல வருவதற்குள் எங்கெங்கோ போய்விட்டேன்.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, இரண்டு இதழாக ஒரு சுரப்பி. தைமஸ். பச்சைக் குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில் பெரிதாகத் தெரியும். என் வயதுக்காரியின் மார்பில் அந்த இடத்தில் பெரும்பாலும் கொழுப்புதான் இருக்கும். ரொம்ப நாள் அதை ஒன்றுக்கும் உதவாத சதை என்றே நினைத்திருந்தார்கள். 1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற இளைஞர், பிறந்தவுடன் எலிக்குட்டிகளிடமிருந்து அதை எடுத்துவிட்டுப் பார்த்தார். குட்டிகள் தொற்றுநோயில் செத்தன. வேறு எலியின் தோலை ஒட்டினால்கூட எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டன. நான் பிறந்ததும் அந்த வருஷம்தான். டி செல்லில் இருக்கும் 'டி' இந்தத் தைமஸின் முதலெழுத்து.

எலும்பு மஜ்ஜையில் பிறந்த செல்கள் இங்கே வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாவி செய்துகொள்ளும். அந்தச் சாவி எந்தப் பூட்டைத் திறக்கும் என்று அதற்கே தெரியாது. கிருமியைப் பிடிக்கிற சாவியாக இருக்கலாம். சொந்த மூட்டையோ தைராய்டையோ பிடிக்கிற சாவியாகவும் இருக்கலாம். உபயோகமில்லாததும் ஆபத்தானதும் இங்கேயே கழித்துக்கட்டப்படும். உள்ளே நுழைவதில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளியே வருவதில்லை. என் பள்ளியில் அப்படி ஒரு தேர்ச்சி விகிதம் வந்திருந்தால் சி.இ.ஓ. அலுவலகத்திலிருந்து மறுநாளே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும். இங்கே அந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் உயிரே போய்விடும்.

எது சொந்தம் என்று அந்தச் செல்களுக்கு எப்படித் தெரியும்? தைமஸில் இருக்கும் செல்கள், கணையத்தின் இன்சுலின், தைராய்டின் சரக்கு, கண்ணின் சரக்கு என்று உடம்பின் மூலைமுடுக்கில் இருப்பதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாதிரிக்குச் செய்து காட்டுகின்றன. இதைச் செய்யவைக்கிற மரபணுவின் பெயர் ஏர். 1997-இல் கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்தான். ஆனாலும் முதலில் கேட்டபோது எனக்குக் கலப்பைதான் கண்முன் வந்தது. மாதிரியைப் பார்த்து அதன்மேல் பாய்கிற செல் அங்கேயே சாகும். முறத்தில் கல்லைப் பொறுக்குகிற மாதிரிதான். கல் எப்படி இருக்கும் என்று காட்டினால்தானே பொறுக்க முடியும்?

இந்த இடத்தில்தான் ஆண், பெண் ஹார்மோன்கள் உள்ளே வருகின்றன. பாரிஸில் ஒரு குழு, தசைகளைத் தளரவைக்கும் ஒரு நோயை ஆராயப்போய், மனிதத் தைமஸ்களை வைத்துப் பார்த்து 2016-இல் எழுதியது: பருவம் எய்தியபின் பெண்களின் தைமஸில் ஏரின் வேலை ஆண்களைவிடக் குறைவு. ஈஸ்ட்ரோஜன் அதை இறக்குகிறது. அதே வருஷம் இன்னொரு குழு, ஆண் ஹார்மோன் அதை ஏற்றுகிறது என்று காட்டியது. ஆக, பெண்ணின் முறத்தில் நாலு கல் தப்புகிறது. அந்த வரியைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அம்மாவின் முறம்தான். அவள் விரலில் தப்பிய கொள்ளுக்கல்லும், அவள் நெஞ்சுக்குள் என்றைக்கோ தப்பிப்போய் அந்த விரல்களையே வந்து கடித்த கல்லும்.

பி செல்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். மஜ்ஜையில் அவை உருவாகும் வேகத்தை ஈஸ்ட்ரோஜன் குறைக்கிறது. ஆனால் சாகவேண்டிய சில முரட்டுச் செல்களுக்கு உயிர்ப்பிச்சையும் கொடுத்துவிடுகிறது. லூபஸ் என்ற நோயில், பிள்ளை பெறும் வயதில் ஓர் ஆணுக்கு ஒன்பது பெண்கள் என்று கணக்கு. சின்ன வயதிலும் மாதவிடாய் நின்ற பிறகும் அந்த இடைவெளி குறைகிறது. முடக்குவாதத்தில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள். ஆனால் எல்லாப் பழியையும் ஹார்மோன் தலையில் கட்டினால் பாதிதான் உண்மை. நோயெதிர்ப்புக்கான மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு. ஓர் எக்ஸ் கூடுதலாகப் பிறந்த ஆண்களுக்கும் லூபஸ் பெண்களைப்போலவே வருகிறது. அவர்கள் உடம்பில் ஆண் ஹார்மோனும் குறைவு என்பதால் எது எந்தக் கணக்கில் சேரும் என்று பிரிப்பதும் சுலபமில்லை.

இந்தக் குறைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சுறுசுறுப்பான காவல் கிருமியையும் சுறுசுறுப்பாகவே விரட்டும். தடுப்பூசி போட்டால் பெண்ணுடம்பில்தான் எதிர்ப்பொருள் அதிகம் ஊறுகிறது. காய்ச்சலும் கைவலியும் அவளுக்குத்தான் அதிகம். கொரோனாவில் ஆண்கள்தான் அதிகம் போனார்கள். பச்சைக் குழந்தையிலிருந்தே கணக்கு அப்படித்தான். சளி, பேதி என்று எது வந்தாலும் ஆண்பிள்ளை சீக்கிரம் துவளும்.

அண்ணன் மூன்றாம் மாதத்தில் போனான். நெஞ்சுச் சளி. பிறந்து ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் ஆண்குழந்தை உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஒருமுறை வாலிபன் அளவுக்கு ஏறி இறங்கும் என்று பின்னால் படித்தேன். அதையும் இதையும் நான் முடிச்சுப்போட மாட்டேன். அன்றைக்கு நேரத்துக்கு மருந்து கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆயா திருஷ்டி என்றாள். அவன் போன மறுவருஷம் நான். மூன்றாவது பெண். நான் பிறந்த அன்று புழக்கடையில் யாரோ ஒருத்தி ஆயாவின் காதில் ஏதோ சொன்னாளாம். ஆயா துடைப்பத்தை எடுத்தாளாம். "பொட்டப்புள்ள உசுரு கெட்டி. அதுவா இருக்கட்டும், நீ போ" என்றாளாம்.

அந்தப் புழக்கடைப் பேச்சு என்ன என்று எனக்குப் புரிந்தது ரொம்பப் பின்னால், எங்கள் மாவட்டத்தின் பெயர் பத்திரிகைகளில் அந்த விஷயத்துக்காக அடிபட்டபோது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தொட்டிலைப் பார்த்தபோது நான் வகுப்பில் நடத்திய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்தே கெட்டியாகப் பிழைத்துவரும் உயிர் என்று இயற்கை எழுதிக்கொடுத்த கணக்கை எங்கள் ஊர் முறமும் நெல்லும் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தது. இதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்குக் கை ஓடவில்லை.

அம்மாவுக்கு எண்பதுகளின் கடைசியில்தான் சரியான மருந்து கிடைத்தது. வேலூருக்குக் கூட்டிப்போனோம். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடுகிற மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை என்று காலண்டரில் சிவப்பு மை வட்டம் போட்டு வைத்தேன். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று அப்பாவிடம் பத்துத் தடவை சொன்னேன். புதிதாக வீங்குவது நின்றது. ஏற்கெனவே கோணிய விரல் கோணியபடியேதான் இருந்தது. ஆனால் ஒருநாள் காலை நான் எழுந்து வரும்போது அடுப்படியில் அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள், அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாத மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு.

அப்பாவுக்கு 2009-இல் சிறுநீர் அடைத்தது. தர்மபுரியில் பார்த்து, பெங்களூரில் பார்த்து, புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். எலும்புக்கும் போயிருந்தது. அந்தப் புற்று ஆண் ஹார்மோனைத் தின்று வளர்வது. 1941-இலேயே சார்லஸ் ஹக்கின்ஸ், விதையை எடுத்துவிட்டால் அது சுருங்குகிறது என்று காட்டி, அதற்காக 1966-இல் நோபல் வாங்கினார். இப்போது கத்தி வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. மூளை விதைக்கு அனுப்புகிற உத்தரவை அது நிறுத்திவிடும். டாக்டர் இளைஞர். எப்படிச் சொல்வது என்று தடுமாறி, "ஹார்மோன் லெவலைக் கொஞ்சம் குறைக்கிறோம் தாத்தா" என்றார். அப்பா அவரையே பார்த்தார். "எவ்ளோ கொறைக்கிறீங்க?" என்றார். "கிட்டத்தட்ட முழுசா." அப்பா சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அப்ப எனக்கே பட்டீசு போடறீங்க" என்றார். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ரயிலில் திரும்பி வரும்போது ராயக்கோட்டை தாண்டியதும் சொன்னார்: "எத்தனை காளைக்குப் போட்டிருப்பேன் பாப்பா. ஒண்ணுகூட என்னைத் திரும்பி முட்டினதில்ல."

ஊசி வேலை செய்தது. வலி குறைந்தது. ஆனால் இரவில் திடீரென்று கழுத்திலிருந்து ஒரு தீ ஏறி, முகம் சிவந்து, முதுகெல்லாம் நனைந்துவிடும். எனக்கு அப்போது 48 வயது. எனக்கும் அதே தீ, அதே வியர்வை. அவருக்கு ஊசி செய்ததை எனக்கு வயது செய்துகொண்டிருந்தது. மின்வெட்டுக் காலம் வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவும் மகளும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்போம். ஒருவருக்கு அடங்கினால் மற்றவருக்கு விசிறுவார். அம்மா உள்ளே போர்வைக்குள் கையை ஒளித்துக்கொண்டு தூங்குவாள். அவளுக்கு எப்போதும் குளிர்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் அப்பாவிடம் தைமஸைப் பற்றிச் சொன்னேன். மெல்பர்னில் ஒரு குழு, அப்பாவுக்குப் போடுகிற இதே வகை ஊசி போட்டுக்கொண்ட வயதான ஆண்களின் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் வந்தது. ஆண் ஹார்மோன் நின்றதும், வற்றிப்போன தைமஸ் மறுபடி கொஞ்சம் துளிர்க்கிறது. ரத்தத்தில் புது டி செல்கள் கூடுகின்றன. பருவம் வந்தபின் அதைச் சுருக்குவதில் இந்த ஹார்மோன்களுக்கும் பங்கு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கிழவன் மார்பில்கூடப் பையனின் சுரப்பி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இதனால் புற்றுநோய் போய்விடும் என்று இல்லை என்பதையும் சொன்னேன். அப்பா அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப காயடிச்சவனுக்கு ஆயுசு ஜாஸ்தியா?"

கொரியாவில் அந்தக்கால அரண்மனையில் இருந்த 81 பேரின் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள், சராசரி 70 வயது வாழ்ந்திருக்கிறார்கள், அதே தகுதியில் இருந்த மற்ற ஆண்களைவிட 14 வருஷத்துக்கும் அதிகம் என்று இன்று சொல்லியிருப்பேன். அந்த ஆய்வு வந்தது 2012-இல். அன்றைக்கு எனக்குத் தெரியாது. "தெரியலப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும். சின்னாற்றுப் பக்கம் தவளைகள். தக்காளி லாரி ஒன்று பாலக்கோட்டுப் பக்கம் போனது.

"எருதுக்கும் இருக்குமா அது?"

அதற்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. 1898-இல் இத்தாலியில் கால்சோலாரி என்பவர், காயடித்த முயலுக்குத் தைமஸ் பெரிதாக இருப்பதைக் கவனித்தார். 1904-இல் ஹெண்டர்சன் என்பவர் மாடுகளிலேயே பார்த்தார். காயடித்த எருதுக்கு அது ரொம்ப நாள் வளர்ந்துகொண்டிருக்கிறது, சுருங்குவது தாமதமாகிறது. பொலிகாளைக்கும் சினைப்பசுவுக்கும் சீக்கிரமாகவே வற்றிவிடுகிறது. சினைப்பசு என்றதும் அப்பா ஒருமுறை உள்ளே திரும்பி அம்மா படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சிக்கும் அது சுருங்கும், பெற்றபின் மறுபடி தேறும், ஆனால் சுருங்கியிருக்கும்போதும் அங்கே வேலை நடந்துகொண்டிருக்கும் என்றேன். (அந்த வேலை என்ன என்று எனக்கே சரியாகத் தெரிந்தது 2021-இல். கர்ப்ப ஹார்மோன்கள் தைமஸைக்கொண்டே அடக்கிவைக்கும் செல்களை அதிகம் செய்யவைக்கின்றன என்று எலிகளில் காட்டினார்கள். அதற்குள் இரண்டு பேருமே இல்லை.)

அப்பா விசிறியைக் கீழே வைத்தார்.

"போஸ்ட்மார்ட்டத்துக்கு அறுத்தப்ப நான் பாத்திருக்கேன் பாப்பா. கழுத்துல இருந்து நெஞ்சு வரைக்கும் வெளுப்பா, மெத்துன்னு, தனித்தனியா. காளைய அறுத்தா இருக்காது. எருத அறுத்தா இருக்கும். ஒரு தடவை இல்ல, பல தடவை."

"என்னன்னு எழுதினீங்க?"

"கொழுப்புன்னு."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்பனும் மகளும் இன்னும் தூங்கலியா? கதவைச் சாத்துங்க, பனி உள்ள வருது."

அப்பா எழுந்து போய்ச் சாத்தினார். பிறகு வேர்க்க ஆரம்பித்ததும், சத்தம் வராமல் மறுபடி திறந்துகொண்டு வெளியே வந்தார்.